புடவை வாங்காத சேச்சி

"நான் வரலைடீ. அந்த மனுஷன் செத்ததுக்கு நான் எதுக்கு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கணும்?" என்றாள் ரம்லத். சொன்னாளே தவிர, எலத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் ஏற்கெனவே இடம் பிடித்திருந்தாள்.

"இறங்கிக்கோயேன், யாரு பிடிச்சா?" என்று சிரித்தாள் அஜிதா.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருவரும் பல வருடம் சேர்ந்து புடவை விரித்தவர்கள். கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும்வரை நின்றபடியே வேலை. அந்த மாடியின் மேனேஜர் அச்சுதன் நாயர் போன வாரம் காலமாகியிருந்தார்.

"இப்போ அங்கே பொண்ணுங்களுக்கு நாற்காலி போட்டிருக்காங்களாம். பாத்ரூமும் கட்டியாச்சாம்" என்றாள் அஜிதா.

"நம்ம காலத்துல? 'கவுன்டரை விட்டு நகராதே'ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பாரே அந்த ஆளு."

"அவரு என்னடீ பண்ணுவாரு? முதலாளி கண்ணாடி ரூம்ல உக்காந்து பார்த்துக்கிட்டே இருப்பாரு. இவருக்கு முன்னாடி இருந்த மேனேஜரை, பொண்ணுங்களை வெளியே விட்டதுக்குத்தானே வீட்டுக்கு அனுப்பினாரு?"

அன்று கடையில் பாத்ரூமே கிடையாது. வெளியே போக முடியாது என்பதால் அவர்கள் யாரும் தண்ணீரே குடிப்பதில்லை. முதலில் ரம்லத்துக்குச் சிறுநீர் போகும்போது எரிச்சல் வந்தது. சொட்டுச் சொட்டாகப் போனது, அடிவயிறு வலித்தது. டாக்டர் கொடுத்த மாத்திரையை, எரிச்சல் நின்றதும் பாதியில் விட்டுவிட்டாள். அடுத்த முறை குளிர்காய்ச்சலும் முதுகுவலியுமாக வந்து, பட்டுப்புடவையைப் பிடித்தபடியே கவுன்டரில் சாய்ந்துவிட்டாள். கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போட்டார்கள்.

"திரும்பி வேலைக்கு வந்த அன்னிக்கே என்ன பண்ணாரு தெரியுமில்ல?" ரம்லத்தின் குரல் ஏறியது. "நோவுல கிடந்து எழுந்து வந்த பொண்ணுன்னு பார்த்தாரா? 'ஏய், சும்மாதானே நிக்கறே, இந்த அம்மா பையைத் தூக்கிட்டுப் போ'ன்னாரே!"

"அந்தச் சேச்சி பை!" அஜிதாவின் முகம் மலர்ந்தது. "புடவை வாங்காத சேச்சி!"

ரம்லத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சேச்சி அன்றுதான் முதன்முதலாகக் கடைக்கு வந்தார். வீட்டில் பெரிய கல்யாணம், நூறு புடவை எடுக்க வேண்டும் என்றதும் முதலாளியே எழுந்து வந்து கும்பிட்டார். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் வந்து கொஞ்ச நேரம் புடவை பார்ப்பார். பிறகு, "எதிர் ஹோட்டல் வரைக்கும் போயிட்டு வரணும். கால் வலி, துணைக்கு ஒரு பொண்ணை அனுப்புங்க" என்பார். நூறு புடவைக்காரியிடம் முதலாளி எப்படி மறுப்பார்? அச்சுதன் நாயர்தான் கடுகடுவென்று யாராவது ஒருத்தியைப் பார்த்து, "நீ போ" என்பார்.

அந்தக் கல்யாணம் மட்டும் கடைசிவரை நடக்கவே இல்லை.

"ஹோட்டல் வாசல்லயே, 'முதல்ல நீ போயிட்டு வா பொண்ணே'ம்பாங்க" என்றாள் அஜிதா. "வந்ததும் ரெண்டு தம்ளர் சீரகத் தண்ணி. குடிச்சு முடிக்கற வரைக்கும் எழுந்திருக்க விடமாட்டாங்க."

"அடக்கி வைக்காதே, எரிஞ்சா மறைக்காதே, மருந்தைப் பாதியில விடாதே, பின்னாலிருந்து முன்னால துடைக்காதே..." ரம்லத் அதே குரலில் சொல்லிக் காட்டினாள். "எங்க உம்மாகூட இதெல்லாம் சொன்னதில்லைடீ. உக்காந்து தண்ணி குடிச்சதுக்கா இவ்வளவு சந்தோஷப்பட்டோம்?"

"கூட அல்வாவும் இருந்துச்சே."

"ஆமா, அதைச் சொல்லு! ஏதோ பெரிய டாக்டரோட வீட்டம்மான்னு பேசிக்கிட்டாங்க. பேரைக்கூடக் கேக்கலை பாரு. அதுக்கப்புறம் எனக்கு அந்த நோவு திரும்பவே இல்லை. எங்கே இருக்காங்களோ! அவங்க வீட்டுக்குன்னா ஓடி வருவேன். நீ என்னடான்னா அந்தக் கடுவன்பூனை வீட்டுக்கு இழுத்துட்டுப் போறே."

"வாயை மூடு. இறங்கற இடம் வந்துடுச்சு."

மதில் ஓரம் செம்பருத்தி பூத்திருந்த சின்ன ஓட்டு வீடு. உள்ளே யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. ரம்லத் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "ரெண்டே நிமிஷம். கிளம்பிடணும்" என்று கிசுகிசுத்தாள்.

அஜிதா கதவைத் தட்டினாள். முண்டும் நேரியதும் உடுத்து, தலை முழுக்க நரைத்த ஓர் அம்மாள் மெதுவாக வந்து கதவைத் திறந்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரம்லத்துதானே? இவ அஜிதா. உள்ளே வாங்க பிள்ளைங்களா."

"சேச்சி!" ரம்லத் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க எப்படி இங்கே? சாருக்குச் சொந்தமா?"

"முப்பத்தேழு வருஷம் அவரோட குடும்பம் நடத்தினேன், சொந்தமான்னு கேக்கறியே" என்று சேச்சி கலங்கிய கண்களோடு சிரித்தார். "நீ ஆஸ்பத்திரியில கிடந்தப்போ அந்த மனுஷனுக்குச் சோறே இறங்கலை. அப்புறம் தினமும் மத்தியானம் எனக்கு போன் வந்துடும். 'இன்னிக்கும் ஒரு பொண்ணு முகம் சரியில்லை, முதலாளி முன்னாடி நான் வாயைத் திறக்க முடியாது, நீ கிளம்பி வா'ம்பார்."