நத்தைப் படத்தில் ஒரு கை

அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் யனினா பயிற்சி வகுப்பு எடுக்கிறாள். அவளை டீச்சராக்கவேண்டிய நான் ஆறிப்போன மாத்தே டீயை உறிஞ்சியபடி கடைசி பெஞ்சில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளை அங்கிச் சீருடை போட்ட பிள்ளைகள் களிமண் நத்தையைத் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் படமெடுக்கிறார்கள், சேர்த்து ஓட்டினால் நத்தை ஊர்ந்துபோகும் என்று. நத்தை சாய்ந்தால் யனினாவின் கை பாய்கிறது. கொம்பு வளைந்தால் பாய்கிறது. "விடும்மா, அவங்களே பண்ணட்டும்!" வருஷம் முழுக்கச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. "விட்டுட்டேன் மிஸ்" என்று சொல்லும்போதே கொம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகளும் அதற்குள் படமெடுத்துவிடுகிறார்கள். பிறகு விளக்கை அணைத்து, ஜன்னலில் கட்டிய துணியில் படத்தை ஓட்டுகிறார்கள். நத்தையையே காணோம். சிவப்பு நகப்பூச்சு போட்ட ஒரு பெரிய கை குதித்து வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. முன்வரிசை ஓரியானா பயந்துபோய்க் கேட்கிறாள்: "டீச்சர், அந்தக் கை நத்தையத் தின்னுடுமா?" வகுப்பே சிரிக்கிறது. யனினாவுக்கு அது காதில் விழவில்லை; துணி கோணலாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டாள். இருட்டில் அந்தச் சிவப்பு நகங்கள் துணியின் ஓரத்தை நோக்கி நீள்கின்றன.