திறக்கக் கூடாத கதவு

“கதவைத் திறக்காதையும், யாதவி! என்ன நடந்தாலும் திறக்காதையும்!”

ஒலிபெருக்கியில் வந்த பானுஜனின் குரல் மூச்சிரைத்தது. கைவிளக்கு வெளிச்சத்தில் யாதவி மற்ற இருவரையும் பார்த்தாள். சென்னைக்காரன் லக்ஷ்மணன் மின்பலகையின் முன்னால் மண்டியிட்டிருந்தான். ரேத்தோ, சுவரோடு கட்டியிருந்த தூக்கப்பையில் சாய்ந்தபடி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தான்.

மூவரும் இருந்தது விண்வெளி நிலையத்தில் அல்ல, அதன் மாதிரியில். துன் என்னும் ஏரிக்கு மேலேயுள்ள பனிமலையைக் குடைந்து இராணுவம் எப்போதோ கட்டிக் கைவிட்ட பாதாள அறைக்குள் அதை அமைத்திருந்தார்கள். பூமியைச் சுற்றுகிறவர்களைப் போலவே உலர் உணவு, அளந்த தண்ணீர், ஒருவரின் முழங்கை மற்றவரின் விலாவில் இடிக்கும் வாழ்க்கை. வெளிக்கதவைத் திறந்தால் பயணம் முடிந்தது. அதன் பிறகு உண்மையான பயணத்துக்கு விண்ணப்பிக்கும் நினைப்பையே விட்டுவிட வேண்டியதுதான்.

மின்சாரம் போய் வெகு நேரமாகிவிட்டது. மின்கலத்தில் ஓடும் ஒலிபெருக்கி மட்டும்தான் வேலை செய்தது.

“இது சோதனையோ, உண்மையோ? அதை மட்டும் சொல்லும்” என்றாள் யாதவி.

“சோதனைதான்.”

“ரேத்தோ மூச்செடுக்க ஏலாமக் கிடக்கிறார். இதுவும் சோதனையோ?”

“அவரைக் காத்து வாற துவாரத்துக்குக் கிட்டப் படுக்க வையும். எல்லாரும் அதுக்குப் பக்கத்திலயே இருங்கோ. ஓடித் திரியாதேங்கோ.”

இருவருமாக ரேத்தோவை இழுத்துப்போய்த் துவாரத்தடியில் கிடத்தினார்கள். லக்ஷ்மணன் அதில் கையை வைத்துப் பார்த்தான்.

“ஃபேன் நின்னு போச்சு. ஆனா காத்து வருது யாதவி. விட்டு விட்டு வருது. எப்படின்னே புரியல.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “அந்த ஆளு நம்மள வச்சு விளையாடுறான்.”

யாதவிக்கும் அந்தச் சந்தேகம்தான். குழுத்தலைவர் தேர்வில் கடைசிவரை நின்றவர்கள் அவளும் பானுஜனும். இடம் அவளுக்குக் கிடைத்தது. அவனுக்கு வெளியே கட்டுப்பாட்டு அறையில் ஒரு நாற்காலி. அன்றிலிருந்து வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு சொல் அவன் அவளோடு கதைத்ததில்லை. இப்போது தன்னைக் கெஞ்ச வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறான் என்று அவளுக்குப் பட்டது.

“இனி முடியாது” என்று ரேத்தோ ஜெர்மன் மொழியில் முணுமுணுத்துவிட்டுக் கண்களை மூடினான்.

யாதவி எழுந்தாள். இருட்டில் தடவிச் சென்று வெளிக்கதவின் சக்கரத்தைப் பிடித்தாள்.

“நான் திறக்கிறன். பயணம் போனாப் போகட்டும்.”

ஒலிபெருக்கியில் ஒரு இருமல் கேட்டது. பிறகு, பானுஜன் சிரித்தான்.

“எனக்குத் தெரியும். பயந்து ஓடி வருவீர் எண்டு அண்டைக்கே எல்லாருக்கும் சொன்னனான். திறவும்! திறந்துபோட்டு வீட்டை போம். அந்த இடம் எனக்கு வந்திருக்க வேண்டியது.”

யாதவிக்குக் காது இரண்டும் சுட்டன.

“அந்த ஆளு சொல்றத விடு, நீ திற!” என்று கத்தினான் லக்ஷ்மணன்.

யாதவி விளக்கை ரேத்தோவின் மேல் திருப்பினாள். துவாரத்தடியில் அவன் நெஞ்சு சீராக ஏறி இறங்கத் தொடங்கியிருந்தது. உதட்டில் மெல்ல நிறம் திரும்பியிருந்தது. அவள் சக்கரத்தை விட்டாள்.

“திறக்க மாட்டன், பானுஜன். ஆனா வெளியில வந்த உடன உமக்கு இருக்கு.”

“ஓம்... வாரும். பாப்பம்.”

அதன் பிறகு அவன் விட்டு விட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டான்: “கதவு பூட்டித்தானே கிடக்கு?” ஒவ்வொரு முறையும் குரல் தடித்தது, சொற்கள் குழறின.

“குடிச்சிருக்கான்” என்றான் லக்ஷ்மணன் வெறுப்போடு.

கடைசியில் குரல் நின்றது. துவாரத்தில் வந்த காற்றும் நின்றது. யாதவி மறுபடி கதவை நோக்கி எழுந்தபோது, வெளியிலிருந்து யாரோ அதை ஓங்கித் தட்டினார்கள். சக்கரம் தானாகச் சுழன்றது. கதவிடுக்கில் கரும்புகை புகுந்தது. அதன் பின்னால் முகமூடியணிந்த தீயணைப்பு வீரர்கள். எதுவும் கேட்க விடாமல் மூவரின் முகத்திலும் முகமூடியை அழுத்தி, கண் தெரியாத சுரங்க வழியால் இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

வெளியே பனியில் வெயில் கண்ணைக் கூச வைத்தது. பானுஜனோடு கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்யும் மேர்சி அம்புலன்சுக்குப் பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நின்றாள்.

“எங்க அவர்?” என்று கேட்டாள் யாதவி. கோபம் இன்னும் ஆறவில்லை.

மேர்சி வண்டிக்குள் கையைக் காட்டினாள். முகமெல்லாம் கரி படிந்து, ஒக்சிசன் குழாயோடு பானுஜன் நினைவின்றிக் கிடந்தான். இரண்டு உள்ளங்கைகளிலும் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது.

“உயிருக்கு ஆபத்தில்லையாம்” என்றாள் மேர்சி. “கேபிள் அறையில நெருப்புப் பிடிச்சிட்டுது. கரண்ட் போக, மலைக்கு அந்தப் பக்கத்துக் காத்தை உங்களுக்கு இழுத்துத் தாற விசிறி நிண்டிட்டுது. அதைக் கையால சுத்தினாத்தான் காத்து வரும். இருந்தது ஒரே ஒரு முகமூடி. அதை எனக்குப் போட்டுவிட்டு, ஓடிப்போய் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வா எண்டு அனுப்பிப்போட்டு, இவ்வளவு நேரமும் தனிய நிண்டு சுத்தியிருக்கிறார்.”

யாதவி அவனுடைய கைகளைப் பார்த்தாள். “எனக்கு... எனக்கு ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்ல?”

“வெளிக்கிடேக்க நானும் அதைத்தான் கேட்டன்” என்று மேர்சி விம்மினாள். “‘அவ பயப்படுற ஆளில்லை, மேர்சி. சொன்னா என்னைத் தூக்கிக்கொண்டு போகக் கதவைத் திறந்துகொண்டு வந்திடுவா’ எண்டவர்.”