இடி வராத கூட்டம்

"இடி கிளம்பிடுச்சா, இல்லையா?"

மேடை ஓரத்தில் நின்றபடி கணவரிடம் பல்லைக் கடித்தாள் அவள்.

"இதோ வந்துடுறேன்னு சொன்னாரும்மா."

"அப்பவும் அதைத்தான் சொன்னாரு, இப்பவும் அதைத்தான் சொல்றாரு."

'இடி' என்பது அந்தப் பேச்சாளருக்கு ஊர் வைத்த செல்லப்பெயர். அவர் மைக்கைத் தொட்டால் போதும், கடைசி வரிசையில் தூங்குகிறவனும் நிமிர்ந்து உட்காருவான். அவர் படம் போட்ட சுவரொட்டியைப் பார்த்துத்தான் இன்று அரங்கம் நிரம்பி வழிந்தது.

ஆனால் விழா அவருக்கானது இல்லை. லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் எழுதிய முதல் கதைப் புத்தகத்துக்கு. அவரே மேடையேறித் தன் கதைகளை வாசிப்பதாக ஏற்பாடு.

பதிப்பகம் என்றால் கணவனும் மனைவியும்தான். கதைகளைத் தேடிப் பிடித்துச் செப்பனிடுவது அவள் வேலை. பக்கங்களை வடிவமைப்பது அவர் வேலை. அடுத்த புத்தகத்துக்காக வாங்கி அடுக்கிய காகிதத்தை விற்றுத்தான் இந்த அரங்கத்தைப் பிடித்திருந்தார்கள். இன்று புத்தகம் விற்காவிட்டால் அடுத்த புத்தகம் என்ற பேச்சே கிடையாது.

"முதல்ல பெரியவர் பேசட்டும், அப்புறம் நம்ம ஆள் வாசிக்கட்டும். அதுதான் மரியாதை" என்று நிகழ்ச்சியை வரிசைப்படுத்தியது கணவர். அந்தப் பெரியவரைத்தான் காணோம்.

"இடி எப்போங்க வரும்?" கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"மின்னலையாவது காட்டுங்கப்பா!" என்றது இன்னொன்று. அரங்கமே சிரித்தது.

மெக்கானிக்கின் கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. "மேடம், அவரு வந்து பேசட்டும். நான் கடைசியில ஒரு பக்கம் மட்டும் படிச்சுட்டு இறங்கிடுறேன். இவங்க எல்லாரும் அவரைப் பார்க்க வந்தவங்க."

"ரெண்டு மாடிக்கு நடுவுல தொங்கிக்கிட்டு வேலை பார்க்கிறவரு, முழங்கால் உயர மேடைக்குப் பயப்படுறீங்களா?"

"அங்கே யாரும் என்னைப் பார்க்க மாட்டாங்களே, மேடம்."

அவள் மறுபடியும் போன் செய்தாள். மறுமுனையில் குரல் அடங்கி ஒலித்தது.

"டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேம்மா. நீங்க ஆரம்பிச்சுடுங்களேன்."

போனைப் பைக்குள் எறிந்தாள். "பெரிய மனுஷன்னா காக்க வைக்கணும்னு சட்டமா? இவரைக் கெஞ்சிக்கிட்டு நிக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா? நம்ம புத்தகம். நம்ம மேடை. நம்ம ஆள் படிப்பாரு."

"கூட்டம் எழுந்து போயிடும்மா!"

"போறவங்க போகட்டும்."

விறுவிறுவென்று மைக் முன்னால் போய் நின்றாள். "சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருக்கப் போறதில்லைங்க. இந்தப் புத்தகத்தை எழுதினவர் இப்போ வாசிப்பார்."

முணுமுணுப்பு எழுந்தது. நாலைந்து பேர் பையைத் தோளில் மாட்டினார்கள்.

மெக்கானிக் வாசிக்கத் தொடங்கினார். முதல் பக்கத்தில் குரல் நடுங்கியது. இரண்டாவது பக்கத்தில் தன் வேலையிடத்துக்கே போய்விட்டார்.

கதையில், பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தம்பியும் ஒரே லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள். பழுது சின்னதுதான். கதையில் வரும் மெக்கானிக் சட்டென்று சரிசெய்துவிடுகிறான். ஆனால் உள்ளே, "அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கு?" என்று தம்பி கேட்பது அவன் காதில் விழுகிறது. சுவிட்சைப் போடாமல் படிக்கட்டில் உட்கார்ந்துகொள்கிறான்.

"போட்டுடாதேப்பா! இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும்!" என்று கூட்டத்திலிருந்து ஓர் அம்மாள் தன்னை மறந்து சத்தம் போட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. தோளில் மாட்டிய பைகள் எப்போதோ மடிக்கு வந்திருந்தன.

கதை முடிந்தது. கைதட்டல் அரங்கத்தின் கூரையைத் தொட்டது.

"இன்னொரு கதை!" என்றார்கள். படித்தார். "இன்னொண்ணு!" என்றார்கள். அதையும் படித்தார்.

கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே புத்தகக் கட்டுகளைப் பிரித்தார். அவளோ, பெற்ற பிள்ளை பரிசு வாங்குவதைப் பார்க்கிற தாய் மாதிரி தலை நிமிர்ந்து நின்றாள்.

புத்தக மேசையைக் கூட்டம் மொய்த்த நேரத்தில்தான் வாசல் வழியாக 'இடி' உள்ளே வந்தார்.

அவள் நேராக அவரிடம் போனாள். "வாங்க ஐயா. அரங்கத்தைக் காலி பண்ணணும். இனிமே உங்களுக்கு மைக் கொடுக்க முடியாது. மன்னிக்கணும்."

"தப்பு என் மேலதாம்மா" என்று சிரித்தார் அவர். ஒரு புத்தகம் வாங்கிக்கொண்டு, மெக்கானிக்கின் கையெழுத்துக்காக வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றார். அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் எரிச்சலூட்டியது.

கூட்டம் கலைந்தது. மேசையில் ஒரு புத்தகம்கூட மிஞ்சவில்லை.

"பார்த்தீங்களா? இடி இல்லாமலே மழை கொட்டுச்சு!" என்றாள் கணவரிடம். "இனிமே நம்ம மேடைக்கு அந்த மனுஷனைக் கூப்பிடவே கூடாது. வர்ற நேரமா அது?"

மைக் செட்காரர் ஒயரைச் சுருட்டுவதை நிறுத்தினார்.

"அக்கா, சொல்லக் கூடாதுன்னாரு. ஆனா நீங்க திட்டுறதைக் கேட்டுட்டுச் சும்மா இருக்க மனசு வரலை. அவரு உங்களுக்கு முன்னாடியே வந்துட்டாரு. மேடைத் திரைக்குப் பின்னாடி, என் பெட்டி மேலதான் உட்கார்ந்திருந்தாரு. கடைசி கைதட்டல் கேட்டப்புறம்தான் பின்பக்கமா இறங்கி, வாசலைச் சுத்தி வந்தாரு."

"எதுக்கு?"

"'நான் பேசி முடிச்சா கூட்டம் கலைஞ்சுடும்ப்பா. என் பேரைப் பார்த்து வந்தவங்க, அவர் கதையைக் கேட்டுட்டுப் போகட்டும்'னாருக்கா."