பக்கத்து சீட்டு

"இனிமே இவன் ஏடிஎம் கார்டு எங்கிட்டயே இருக்கட்டும் டீச்சர். காசு அருமை தெரியல." இசக்கிப்பாண்டி, தம்பி பாண்டிச்செல்வத்தின் கார்டைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

யாஸ்மினுக்கு மனசு கேட்கவில்லை. விருதுநகர்க் கல்லூரியில் அறிவுசார் குறைபாடு உள்ள மாணவர்களுக்குப் பணத்தைக் கையாளச் சொல்லித் தருகிறவள் அவள். பாண்டிச்செல்வம் தன் உதவித்தொகையைத் தானே எடுத்துச் செலவு செய்யப் பழகியதே இந்த வருஷம்தான்.

"அப்படி என்ன தப்புப் பண்ணிட்டான்?"

"திருத்தங்கல்லருந்து இங்கன வர பஸ்ஸுல தெனமும் ரெண்டு டிக்கெட் எடுக்கான். எவனோ இவன ஏமாத்தி ஓசியில வாரான். ஆருலேன்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்கான். ஞாயமான காரணம் ஒண்ணு சொல்லச் சொல்லுங்க, இப்பவே கார்டத் தாரேன்."

"பாண்டிச்செல்வம், கூட யாருப்பா வர்றது?"

"யாரும் இல்ல டீச்சர்."

"பொய் சொல்லாதலே!"

"அண்ணே, நீங்க செத்த சும்மா இருங்க. அப்ப ரெண்டாவது டிக்கெட் யாருக்குப்பா?"

"பக்கத்து சீட்டுக்கு."

"காலி சீட்டுக்கா? எதுக்கு?"

பாண்டிச்செல்வம் அண்ணன் பக்கம் திரும்பாமல் அவளிடம் மட்டும் சொன்னான்.

"நான் போயி உக்காந்தா, பக்கத்துல இருக்கவுக எந்திரிச்சுப் போயிருதாக டீச்சர். காசு குடுத்து வாங்குனா அது நம்மளுதுன்னு நீங்கதான சொன்னீக? இப்ப அந்த சீட்டும் என்னோடது. அதுலருந்து யாரும் எந்திரிச்சுப் போக மாட்டாகல்ல?"