நாற்பது வினாடி முகமூடி

"பைப்பைப் பிடிச்சு ஏறுறாரு பாருங்க மாமா, அது நம்ம தலைவரேதான்! அந்த முதுகைப் பார்த்தாலே தெரியலையா?" என்று மச்சினன் தன் போனைச் சாப்பாட்டுத் தட்டுக்கு நேராக நீட்டினான்.

ஏசி மெக்கானிக் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதைத்தான் ஒரு வாரமாக மூன்று வேளையும் பார்க்கிறாரே.

படத்தின் பெயர் கிடையாது, நடிகர் பெயர் கிடையாது. நாற்பது வினாடி வீடியோ, அவ்வளவுதான். ஒரு கட்டடத்தின் பின்சுவர். முகமூடி போட்ட ஒருவன் தண்ணீர்க் குழாயைப் பிடித்து மடமடவென்று மூன்று மாடி ஏறுகிறான். விளிம்பில் நின்று இடது கையை இரண்டு தடவை உதறுகிறான். ஜன்னல் வழியே உள்ளே போய்விடுகிறான். பின்னணியில் நெஞ்சை அடைக்கும் இசை. முடிவில் கறுப்புத் திரையில் ஒரே வரி: 'யார் இவன்? தெரிந்தால் சொல்லுங்கள்.'

போதாதா? ஊரே சோறு தண்ணி இல்லாமல் ஆராய்ச்சியில் இறங்கிவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் புறாதான் கதாநாயகனின் செத்துப்போன அம்மா என்றார்கள். சுவரிலிருக்கும் விரிசலைத் தலைகீழாகப் பார்த்தால் வில்லன் முகம் தெரிகிறது என்று ஒருவர் சத்தியமே செய்தார். மச்சினன் இவர்களுக்கெல்லாம் அண்ணன். மொபைல் கடையில் ஸ்கிரீன் கார்டு ஒட்டுவது அவனுக்குப் பிழைப்பு. டிரெய்லரைப் பிரித்து மேய்வதுதான் உயிர்.

"கையை ஏன் ரெண்டு தடவை உதறுறாரு? ரெண்டாம் பாகம் இருக்குன்னு அர்த்தம் மாமா!"

மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எலும்பு முறிந்து கூடிய மணிக்கட்டு, மூன்றாவது மாடி வந்தால் மரத்துப்போகும். அதை உதறினதற்கு இத்தனை வியாக்கியானமா?

ஆமாம், அது அவருடைய மணிக்கட்டு. அந்த நாற்பது வினாடியும் அவருடையதுதான். அதை இவ்வளவு அழகாகப் பிடித்திருப்பார்கள் என்று அவரே நினைக்கவில்லை. முதல் தடவை பார்த்தபோது வெலவெலத்துப் போனார். பிறகு ஊரே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியதும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் கொண்டாட்டமெல்லாம் தலைவருக்கல்லவா போகிறது! முகத்தை மூடிக்கொண்டு உயிரைக் கொடுத்து ஏறுகிறவன் ஒருவன், பேர் வாங்குகிறவன் இன்னொருவன். வெளியே மூச்சு விட்டால் பிழைப்பு போய்விடும் என்று பெண்டாட்டியிடம்கூட அவர் சொன்னதில்லை.

"அது உங்க தலைவர் இல்லடா" என்றார், அடக்கமாட்டாமல்.

"பின்ன யாராம்? நீங்களா?"

சமையலறையில் மனைவி பக்கென்று சிரித்தாள். "ஆமா, கிழிச்சாரு! ஊருக்கெல்லாம் மாடி மாடியா ஏறி ஏசி மாட்டுவாரு. வீட்ல பரண்மேல இருக்கற பெட்டியை எடுத்துத் தாங்கன்னா மட்டும் முட்டி வலிக்குதும்பாரு."

பன்னிரண்டு வருஷமாக இதே கதைதான். மாமனார் வீட்டில் அவரை யாரும் ஒரு துரும்பாகக்கூட மதித்ததில்லை. 'ஸ்க்ரூ திருகுற மாப்பிள்ளை' என்று மாமனார் வைத்த பேர் இன்னும் போகவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இவள் தன்னைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும். அதற்கு என்ன வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றிருந்தது அவருக்கு.

தட்டை நகர்த்திவிட்டுக் கையைக் கழுவினார். "ரெண்டு பேரும் கீழ வாங்க" என்றார்.

குடியிருப்பின் பின்பக்கத்தில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. மெக்கானிக் செருப்பைக் கழற்றினார். குழாயைப் பிடித்தார். அடுத்த நிமிஷம் மூன்றாவது மாடி விளிம்பில் நின்று, இடது கையை இரண்டு தடவை உதறினார்.

மனைவி பிளந்த வாயை மூடவில்லை.

"டூப் போட்டது நீங்கதானா மாமா?" கீழே இறங்கியவரை மச்சினன் கட்டிக்கொண்டான். "ஏன் சொல்லவே இல்ல?"

"சொல்லக் கூடாதுடா."

"புரியுது, புரியுது. அக்ரிமெண்ட்!"

மனைவி அவர் நெற்றி வியர்வையைத் துண்டால் ஒற்றி எடுத்தாள். "இப்படியா கல்லுளிமங்கனா இருப்பீங்க?" என்றாள். மெக்கானிக்குக்கு ஜென்மம் சாபல்யமடைந்தது.

மச்சினனுக்குத்தான் கை பரபரத்தது. மாமா ஏறியதை முழுசாகப் படம் பிடித்து வைத்திருந்தான். 'அசல் முகமூடி இதோ, என் மாமா!' என்று தன் நம்பரோடு அந்த முகமூடி வீடியோவுக்குக் கீழேயே சத்தமில்லாமல் போட்டுவிட்டான். பத்தாவது நிமிஷம் போன் வந்தது.

"அந்த முகமூடி வீடியோ போட்டவங்க பேசறோம். நீங்க சொன்ன ஆள்தான், சந்தேகமே இல்ல. இப்பவே நேர்ல வர்றோம். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"சர்ப்ரைஸா?"

"ஆமா. சர்ப்ரைஸ்தான்."

அரை மணியில் வாசலில் ஒரு பெரிய கார் நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் இறங்கினார். பின்னாலேயே வாட்டசாட்டமாக இரண்டு பேர். பாடிகார்டு என்று அக்காவின் காதில் கிசுகிசுத்தான் மச்சினன். அந்த அம்மாள் நேராக மெக்கானிக்கிடம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அபாரமா ஏறுறீங்க. எட்டு மாசமா உங்களைத்தான் தேடிக்கிட்டிருக்கோம்."

மெக்கானிக் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். பிடித்த கையை அந்த அம்மாள் விடுவதாக இல்லை.

மச்சினனுக்குப் பொறுமை போய்விட்டது. "மேடம், இப்பவாவது சொல்லுங்க. படத்துக்கு மியூசிக் யாரு? சும்மா அதிருதே!"

"மியூசிக் எங்க ஸ்டேஷன் ஏட்டு சேர்த்தது தம்பி; மத்ததெல்லாம் நகைக்கடையோட பின்பக்கக் காமிராவுல பதிவானது" என்றபடியே விலங்கை மாட்டினார் இன்ஸ்பெக்டர் அம்மாள்.