வலது காது

பூனை மடியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவள் அந்தக் காதைக் கவனித்தாள்.

நுனி இல்லை. ஒரே வெட்டு, நேராக.

"அதுக்குச் செய்தாச்சு, பிள்ளை. காதைப் பாருங்கோவன்," என்றாள் எமில்டா அக்கா.

அவள் எதுவும் கேட்டிருக்கவில்லை.

ஆறு நாளாக இதே வேலை. நகரத்திலிருந்து வந்த தொண்டர்கள் அவளோடு சேர்த்து ஐந்து பேர், மிருக வைத்தியர் ஒருவர், பதினெட்டுக் கூடுகள். தீவில் திரியும் பூனைகளைப் பிடித்து, பள்ளிக்கூட மண்டபத்தில் மேசை போட்டுக் கருத்தடை செய்தார்கள். மயக்கம் தெளியும் முன்னே காது நுனியைக் கொஞ்சம் வெட்டிவிடுவார்கள். அடுத்த முறை வருகிறவர்கள் அதே பூனையின் வயிற்றை மறுபடி திறந்துவிடக் கூடாதே.

எல்லாவற்றுக்கும் இடது காது.

இது வலது.

எமில்டா அக்கா பூனைக்கு எதிரே உட்கார்ந்து, தன் இடது கைப் பக்கம் இருந்த காதை வெட்டியிருக்கிறாள்.

வெட்டில் மஞ்சள் அப்பியிருந்தது. எமில்டா அக்காவின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை கீறல்கள். அவற்றிலும் மஞ்சள். கள்ளத்தனம் செய்வதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். இந்த மனுஷியிடம் அது மருந்துக்கும் இல்லை.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. மயக்க ஊசி இல்லாமல் இந்தச் சீவன் எப்படித் துடித்திருக்கும்.

அப்படியும் அது ஓடிப்போகவில்லை. எமில்டா அக்காவின் காலில் உடம்பைத் தேய்த்துவிட்டுத்தான் இவள் மடிக்கு வந்தது.

முதல் நாள் இதே வாங்குப் பலகையில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தபோது எமில்டா அக்காவே சொல்லியிருந்தாள். எலி வலையைக் கடிக்கிறது, ஒரு குட்டி தாருங்கள் என்று வள்ளக்காரர்கள் தேடி வருவார்களாம். வந்தவர்கள் உட்காருவார்களாம். கடல் கதை, ஊர்க் கதை எல்லாம் நடக்குமாம். மற்ற நாட்களில் இந்தப் படலையைத் திறப்பது காற்றுத்தான்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இவளும் சேர்ந்து சிரித்திருந்தாள்.

இப்போது மூலையில் ஒரு மீன் பெட்டி இருந்தது. கழுவிக் காயவைத்து, உள்ளே பழைய சேலையை நாலாக மடித்துப் போட்டிருந்தது.

இன்னொரு பெட்டியும் அவள் நினைவில் இருந்தது. வந்து இறங்கிய அன்று, இறங்குதுறைக்குக் கீழே கிடந்தது. உள்ளே நான்கு குட்டிகள், காய்ந்து ஒட்டிப்போய். அவள்தான் மண் தோண்டிப் புதைத்தாள். ஒரு பெட்டை தப்பினாலும் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும் என்று வைத்தியர் நிறோஷன் தினமும் படித்துப் படித்துச் சொல்வார்.

படகு மூன்று மணிக்கு. மேசையை இன்னும் மடிக்கவில்லை. ஒரு பெட்டைக்கு இருபது நிமிட வேலைதான்.

கூடு காலடியில் திறந்தபடி இருந்தது.

அவள் பூனையின் வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தாள். குட்டி ஒன்றுமில்லை. எமில்டா அக்கா மூச்சுவிடாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் அக்கா. செய்ததுதான்."

கூட்டை மூடினாள்.

எமில்டா அக்காவுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. உள்ளே ஓடினாள். ஒரு பொட்டலம் கருவாட்டோடு வந்தாள். வேண்டாம் என்றாலும் விடவில்லை.

"பங்குனியில ஒருக்கா வாங்கோ, பிள்ளை. கட்டாயம் வரவேணும்."

"வாறன் அக்கா."

ஒழுங்கையில் வெறுங்கூட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கை கருவாடு மணத்தது. ஒரு நல்ல காரியம் செய்தவள்போல நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

பத்து அடிகூடப் போகவில்லை. வெட்கமாகிவிட்டது.

அவள் எதை விட்டுக்கொடுத்தாள்? ஆண் கடுவன்கள்தான் ஊரெல்லாம் சுற்றும், அவற்றை முதலில் பிடியுங்கள் என்று நிறோஷன் சொல்லியிருந்தார். மூன்று நாளில் எல்லாம் முடிந்தது. ஒன்று மட்டும் கையில் சிக்காமல் ஆட்டம் காட்டியது. நேற்று அதுவும் மேசைக்கு வந்துவிட்டது. அந்தப் பெட்டை இனி எத்தனை பங்குனி காத்திருந்தாலும் சேலை விரித்த பெட்டி வெறும் பெட்டிதான்.

மடியில் பூனை இருந்தபோதே அவளுக்கு இது தெரியும். வாய் திறந்து சொல்லத்தான் மனம் வரவில்லை. பொய்யை ஏற்றுக்கொள்வது அதைவிடச் சுகமாக இருந்தது.

திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாமா?

நின்றாள்.

எதிரே தேவாலய மதிலிலிருந்து ஒன்று குதித்தது. ஒற்றைக்கண்ணன். பெரிய தலை, சண்டையில் கிழிந்த மூக்கு. அந்தக் கடைசிக் கடுவன். காலையில்தான் திறந்துவிட்டிருந்தார்கள். அவளை ஏறெடுத்தும் பாராமல், கொஞ்சம் தள்ளாடி, வழக்கமான வீட்டுக்குப் போகிறவன்போல அவளைக் கடந்து நடந்தான்.

எமில்டா அக்கா இன்னும் படலையில் நின்றாள். அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"எங்கையடா போனனீ ரெண்டு நாளா? வா, வா."

படலையை அகலத் திறந்தாள். குனிந்து அவன் தலையைத் தடவினாள்.

மஞ்சள் பூசிய கை நெற்றியில் தொடங்கி, கன்னத்துக்கு வந்து, இடது காதுக்குப் போனது.

நுனி இல்லை. கை அங்கேயே நின்றது.