மூக்கு உடையும் இடம்

"மூக்கு உடையுதுய்யா! உன் கண்ணு எங்க போச்சு..."

"உடைஞ்சா ஒட்டிக்கலாம் எமிலி, நீ மொதல்ல..."

"ஒட்டிக்க அது என்னா பிளாஸ்டிக் கொடமா?"

மகள் ஜெருஷா குத்துச்சண்டையில் சேர, பெற்றோர் இருவரும் கைரேகை வைக்க வேண்டும். பள்ளிக்கூடம் வழக்கம்போலப் படிவத்தோடு, பிள்ளை இருபத்து மூன்று வயதில் போடப்போகும் சண்டையை முன்கூட்டியே எடுத்த வீடியோவையும் அனுப்பியிருந்தது. காசிமேட்டு வீட்டின் சுவரில், மூக்கில் ரத்தம் வழிய, வளர்ந்த ஜெருஷா அசையாமல் நின்றாள். எமிலி காலையிலிருந்து அந்த வீடியோவை ஏழு தடவை ஓட்டிவிட்டாள். ஏழு தடவையும் இதே இடத்தில்தான் நிறுத்தினாள்.

"இந்த மூஞ்சிய எவன்யா கட்டிப்பான்?"

"என் மூக்கும் கோணல்தான். நீ கட்டிக்கல?" என்றார் குணசீலன்.

"அன்னிக்கி நான் கண்ணாடி போடல."

பதினைந்து வயது ஜெருஷா வறுத்த நெத்திலியை மென்றபடி, சுவரில் நின்ற தன்னையே உற்றுப் பார்த்தாள். ரத்தத்துக்குக் கீழே அந்த வாய் சிரிப்பது போலிருந்தது.

"ஏம்மா, கடைசில நடுவர் யார் கையத் தூக்குனாரு?"